சில்லறையில் சிக்கும் வேற்றுக் காசு: கோலா சிலாங்கூர் தோட்டப்புறத்திலிருந்து ஓர் ஆய்வு

மலேசியாவின் புதிய 50 காசின் எடை 5.66 கிராம். வெற்றிலைப் பெட்டி பொறித்த பழைய 20 காசின் எடையும் ஏறத்தாழ அதேதான். ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான் பக்கத்துப் பாசார் மாலாம் இரவுச் சந்தைகளில் சில்லறை எண்ணுகிறவர்கள் கண்ணைவிடக் கையை நம்புகிறவர்கள். இருளும் கூட்டமுமாக இருக்கும்போது கனத்தை வைத்தே காசைப் பிரித்துப் போட்டுவிடுவார்கள். அந்தக் கைக்கு 50-உம் 20-உம் ஒரே கனமாகப் பட்டால், "இந்தக் காசில் என்னமோ இருக்கு" என்று நிறுத்திப் பார்ப்பது நியாயந்தான்.

வித்தியாசமான காசு கிடைத்ததும் மனம் இரண்டு பக்கம் ஓடுகிறது. கள்ளக்காசாக இருக்குமோ என்ற பயம் ஒன்று. அச்சுப்பிழைக் காசு, ஆயிரக்கணக்கான வெள்ளிக்கு விலை போகும் என்ற ஆசை மற்றொன்று. தோட்டத்து மாரியம்மன் கோயில்களில் உண்டியல் திறந்து எண்ணும்போது உடனிருந்து பார்த்தவன் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். ஒதுக்கி வைக்கப்படும் காசுகளில் மிகப் பெரும்பாலானவை இந்த இரண்டு வகையிலும் சேராதவை. வேறு வரிசையைச் சேர்ந்த காசாகவோ வேறு நாட்டுக் காசாகவோ இருக்கும். இல்லையென்றால் போர்க்காலத்தில் உலோகம் மாறிய காசாகவோ மனிதர் கைபட்டு உருமாறிய காசாகவோ இருக்கும். இத்தனையையும் விலக்கிய பிறகே அச்சுப்பிழை என்ற பேச்சுக்கு இடம் உண்டு. பலரும் தலைகீழாகத் தொடங்குவதால்தான் ஏமாறுகிறார்கள்.

முதலில் இப்போதைய புழக்கம். 1989-இல் செம்பருத்திப் பூவோடு வந்த இரண்டாம் வரிசையும், 2012 ஜனவரி 16 அன்று புழக்கத்துக்கு வந்த மூன்றாம் வரிசையும் இன்றும் ஒரே டப்பாவில் கிடக்கின்றன. இரண்டாம் வரிசையில் 5 காசு முதல் 50 காசு வரை எல்லாமே செம்பும் நிக்கலும் கலந்த வெள்ளை உலோகம். 5 காசில் பம்பரம், 10-இல் பல்லாங்குழி, 50-இல் வாவ் பட்டம். மூன்றாம் வரிசையில் 5 காசும் 10 காசும் துருப்பிடிக்காத எஃகு. 20-உம் 50-உம் செம்பு நடுவில் இருக்க மேலே நிக்கல் பித்தளை போர்த்திய மஞ்சள் காசுகள். எடையும் அளவும் தாறுமாறாக மாறின. 20 காசு 5.66 கிராமிலிருந்து 4.18-க்கு இறங்கியது, 50 காசு 9.33-லிருந்து 5.66-க்கு இறங்கியது. 5 காசு மட்டும் எதிர்த்திசையில் போய், 1.4 கிராமிலிருந்து 1.72 ஆனது, விட்டமும் கூடியது. ஆகவே கனமான 5 காசும் இலேசான 50 காசும் கிடைத்தால் ஆண்டைப் பார்த்தாலே போதும், புதிர் அவிழ்ந்துவிடும்.

அடுத்தது அண்டை நாட்டுக் காசு. 1967 ஜூன் 12 அன்று மலேசியாவும் சிங்கப்பூரும் புருணையும் தனித்தனிப் பணம் வெளியிடத் தொடங்கின. மூன்றும் ஒன்றுக்கொன்று சம மதிப்பில் மாறிக்கொள்ளும் ஏற்பாடு 1973 மே வரை மலேசியாவோடு நீடித்தது. அதற்கு வசதியாக மூன்று நாட்டுக் காசுகளும் அன்றைய அளவில் ஒன்றுபோலவே இருந்தன. 20 காசு என்றால் எந்த நாட்டுடையதாக இருந்தாலும் சுமார் 23.6 மில்லிமீட்டர், 5.65 கிராம். அதற்கு முன்னிருந்த மலாயா – பிரிட்டிஷ் போர்னியோ காசுகளும், அதாவது எலிசபெத் ராணி தலை போட்டவையும், இதே அளவுதான். அதனால்தான் ராணி தலை 10 காசும், பழைய சிங்கப்பூர்ப் பத்துக் காசும், சுல்தான் முகம் கொண்ட புருணைக் காசும் சந்தேகமே எழாமல் நம் சில்லறையோடு கலந்துவிட்டன. எடை பொருந்தியும் படம் பொருந்தாத காசு என்றால் முதலில் இந்தக் குடும்பத்தில் தேடுங்கள். காசில் தமிழெழுத்து தெரிந்தால் தேடல் இன்னும் எளிது: சிங்கப்பூர் 1985 முதல் தன் பெயரை நான்கு மொழியிலும் காசில் பொறிக்கிறது, இலங்கைக் காசிலும் தமிழ் உண்டு.

மேலே சொன்னவை ஐந்து நிமிட வேலை. உண்மையில் மூளைக்கு வேலை கொடுப்பவை தோட்டத்துப் பெட்டிகளிலிருந்து வரும் வெள்ளிக் காசுகள்.

கோலா சிலாங்கூர் சாதாரண இடமல்ல. மலாயாவில் வணிகத்துக்காக முதன்முதலில் செம்பனை நடப்பட்டது 1917-இல், இங்கேயுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான். ரப்பர்க் காடுகள் அதற்கும் முன்பே வந்துவிட்டன. 1920-களின் இறுதியில் அரசு நிர்ணயித்த நாள்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பெண்ணின் ஒரு நாள் உழைப்பு இரண்டு இருபது காசுக்குள் அடங்கியது. பிறகு உலகப் பொருளாதார மந்தம் வந்து அந்தக் கூலியையும் குறைத்தது. அப்படி வந்த காசில் மிச்சம் பிடித்து மஞ்சள் துணியில் முடிந்து வைத்தார்கள். காணிக்கைக்கென்று முடிந்தது கோயிலுக்குப் போனது. பிள்ளை கல்யாணத்துக்கென்று முடிந்தது தட்டாரிடம் போய்க் கொலுசாகவும் தண்டையாகவும் மாறியது. இரண்டிலும் தப்பியவை இன்று பேரப்பிள்ளைகள் கைக்கு வந்திருக்கின்றன.

இந்தக் காசுகளை எடையால் மட்டும் புரிந்துகொள்ள முடியாது. ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் ஆட்சி அடித்த 20 காசில் விக்டோரியா காலத்தில் ஆயிரத்துக்கு 800 பங்கு வெள்ளி இருந்தது. வெள்ளி விலை ஏறியதால் எட்வர்ட் மன்னர் காலத்திலேயே 600-ஆகக் குறைத்தார்கள். முதல் உலகப் போர் முடிந்த கையோடு வெள்ளி விலை உச்சிக்குப் போனது, காசிலுள்ள பங்கு 400-க்கு விழுந்தது. 1926-இல் மீண்டும் 600 ஆனது. இத்தனை மாற்றத்திலும் காசின் எடை மட்டும் அதே 5.43 கிராமாகவே நின்றது. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் மலாயாக் காசில் 1939 முதல் 1941 வரை 750 பங்கு. 1943, 1945 என்ற ஆண்டுகள் பொறித்தவற்றில் 500. 1948-இலும் 1950-இலும் வெள்ளியே கிடையாது, செம்பு–நிக்கல்தான். ஜப்பானியர் ஆட்சியில் மலாயாவில் காசே அடிக்கப்படவில்லை, ஒரு காசுக்குக்கூடக் காகித நோட்டுதான். ஆகவே 1943 என்று பொறித்த காசு அந்த ஆண்டில் இங்கே யார் கையிலும் இருந்திருக்க முடியாது. பிரிட்டிஷ் ஆட்சி திரும்பிய பிறகு வந்து சேர்ந்தது அது. தாத்தா ஜப்பான்காரன் காலத்தில் இந்தக் காசில் அரிசி வாங்கினார் என்று குடும்பத்தில் கதை சொல்லப்பட்டால், கதையில் ஆண்டு தவறியிருக்கிறது என்று பொருள்.

சதுர ஒரு காசைப் பாருங்கள், போர் எப்படி உலோகத்தைத் தின்றது என்று பச்சையாகத் தெரியும். 1939–41 காசு 5.83 கிராம். 1943 காசு 4.21 கிராம். அளவும் ஒரு மில்லிமீட்டர் குறைவு. பக்கத்துப் பக்கத்தில் வைக்காவிட்டால் கண்ணுக்குப் பிடிபடாது; தனியாகக் கையில் எடுத்தவருக்கு மட்டும் "என்ன, காற்று மாதிரி இருக்கு" என்று தோன்றும். செம்பு முழுக்கப் போர்த் தளவாடத்துக்குப் போன காலம் அது. இந்தக் காசைக் கள்ளக்காசு என்று எடுத்து எறிந்த வீடுகள் எனக்குத் தெரியும். அரசு தன் முத்திரையோடு அடித்த நல்ல காசு அது.

ஒரே எடையில் வெள்ளிப் பங்கு மட்டும் மாறினால் எப்படிக் கண்டுபிடிப்பது? தண்ணீர்ச் சோதனைதான் வழி. சமையலறைத் தராசு பயன்படாது, 0.01 கிராம் காட்டும் நகைத்தராசு வேண்டும். முதலில் காசைத் தனியாக எடை போடுங்கள். பிறகு ஒரு சிறு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றித் தராசின் மேல் வைத்து, தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். காசின் மேல் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் தட்டிவிடுங்கள். இப்போது தராசு காட்டுவது காசு விலக்கிய தண்ணீரின் எடை. முதல் எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி கிடைத்துவிடும். 1939-இன் 20 காசு 5.43 கிராம், விலக்கும் தண்ணீர் 0.54, அடர்த்தி 10. இதே எடையுள்ள 400 பங்கு வெள்ளிக் காசு 0.57 காட்டும், அடர்த்தி 9.5. 1948-இன் செம்பு–நிக்கல் காசு 5.65 கிராம், தண்ணீர் 0.63 அல்லது 0.64, அடர்த்தி 8.9. எஃகு 7.8-இல் நிற்கும், ஈயம் 11-ஐத் தாண்டும். சுரண்டாமல், உரசாமல், அமிலத் துளி விடாமல் இத்தனையும் தெரிந்துவிடுகிறது. சுண்டி ஓசை கேட்பது பழைய முறை, அனுபவம் உள்ளவருக்கு அதுவும் உதவும். ஆனால் ஓசையை எழுதி வைக்க முடியாது. எண்ணை எழுதி வைக்கலாம்.

இந்திய ரூபாய் பற்றியும் சொல்லியாக வேண்டும். நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர்கள் இடுப்பில் செருகி வந்த விக்டோரியா, எட்வர்ட், ஜார்ஜ் ரூபாய்கள் இங்கே இன்னும் பல பெட்டிகளில் உண்டு. எடை 11.66 கிராம், பன்னிரண்டுக்குப் பதினோரு பங்கு வெள்ளி. 1940 முதல் அது பாதிப் பங்காகக் குறைந்தது. 1947 ரூபாய் முழுக்க நிக்கல்; காந்தத்தைக் காட்டினால் ஒட்டிக்கொள்ளும். ரூபாய் கூடுதல் எடை காட்டினால் மேல்விளிம்பைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். மன்னர் தலைக்கு நேர் மேலே சின்னதாக ஒரு மேடு, அதைச் சுற்றி நிறம் மாறிய வெள்ளிக் கசிவு, விளிம்பின் வரிகள் அந்த இடத்தில் மட்டும் அடைபட்டிருப்பது – இவை தெரிந்தால் அந்தக் காசு ஒரு காலத்தில் யாரோ ஒரு பெண்ணின் கழுத்தில் கிடந்தது. வளையம் வைத்துப் பற்றவைத்து, பிறகு கழற்றியபோது பற்றாசு மிச்சம் நின்றுவிட்டது. துளை போட்டுக் கோத்ததாக இருந்தால் எடை குறையும். சேகரிப்பவர்கள் இதைக் குறை என்று விலையைக் குறைப்பார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. காசு எவர் கழுத்தில் எப்படி வாழ்ந்தது என்பதற்கு அதைவிட நேரான சாட்சி வேறில்லை.

இந்தியாவிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் இன்னொன்றில் எச்சரிக்கை வேண்டும். ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம் அல்லது அனுமார், மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி பெயர், 1818 என்ற ஆண்டு. இதைப் பல குடும்பங்கள் பூசையறையில் வைத்திருக்கின்றன. கம்பெனி அப்படி ஒரு காசு அடித்ததே இல்லை. அது பிற்காலத்தில் கோயில் கடைகளுக்காகச் செய்த வில்லை. பூசையில் இருக்கட்டும், தவறில்லை. லட்ச ரூபாய் மதிப்பு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இனி, மனிதர் கைபட்டு மாறிய காசு. நாணயச்சாலையை விட்டு ஒழுங்காக வெளியே வந்து, பிறகு உருமாறியவை. இந்த வட்டாரத்தில் இதற்குக் காரணங்கள் நிறைய. பாசிர் பெனாம்பாங், தஞ்சோங் காராங், செகிஞ்சான் கரைகளில் உப்புத்தண்ணீர். தோட்டத்தில் ரப்பர்ப் பால் உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலம். கோயிலில் எண்ணெய், மஞ்சள், குங்குமம், கற்பூரச் சூடு. மஞ்சள் துணியில் பல வருடம் ஈரத்தோடு முடிந்து கிடந்த செம்பு–நிக்கல் காசு பழுப்பேறித் தங்கப்பூச்சு போலத் தோன்றும். எடையில் மாற்றமே இராது.

மூன்றாம் வரிசை 20 காசு சிவப்பாகக் கிடைப்பதைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். இதற்கு இரண்டு விளக்கம் உண்டு. உப்போ அமிலமோ பட்டால் பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்து வெளியேறிவிடும்; மேலே செம்பு நிறம் மட்டும் மிஞ்சும். இது வெறும் அரிப்பு. இன்னொன்று, காசு அடிக்கும் முன்பே மேல்போர்வை ஒட்டாமல் உரிந்து, செம்பு நடுப்பகுதி அப்படியே முத்திரை வாங்கியது. இது மெய்யான ஆலைப் பிழை. பிரித்தறிவது கடினமில்லை. அரிப்பு என்றால் இரண்டு பக்கமும் விளிம்பும் சேர்ந்து சிவக்கும், தோல் சொரசொரப்பாக இருக்கும், எடை 4.18-ஐ ஒட்டியே நிற்கும். போர்வை விட்டது என்றால் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் சிவப்பு, அந்தப் பக்கத்திலும் எழுத்துகள் கூர்மை, எடையில் தெளிவான குறைவு.

அரிப்பை மிக நெருக்கமாகப் பார்க்க வேண்டுமானால் 1980-களின் 1 காசு நாணயத்தை எடுங்கள். 1967-இல் வெண்கலமாகத் தொடங்கிய அது, அடுத்த பத்தாண்டில் செம்புத் தோல் போர்த்திய எஃகுக்கு மாறியது. ஒரே முகம், ஒரே நிறம். காந்தம் ஒன்றில் ஒட்டும், மற்றதில் ஒட்டாது. எஃகுக் காசின் விளிம்பில் செம்பு தேய்ந்த இடத்தில் துரு உள்ளே புகுந்து, செம்புத் தோலைக் கொப்புளமாகத் தூக்கும். கொப்புளம் உடைந்தால் உள்ளே கறுப்பும் செம்பழுப்புமாகப் பொடி. விரலால் தேய்த்தால் கறை ஒட்டும். இதை "வெடித்த அச்சு" என்று சொல்லி விற்க முயன்றவர்களும் உண்டு. வாங்காதீர்கள். துருப்பிடிக்காத எஃகைப் பொறுத்தவரை காந்தத்தை மட்டும் நம்பி முடிவு கட்ட வேண்டாம். அதில் ஒட்டும் வகையும் உண்டு, ஒட்டாத வகையும் உண்டு. அதே ஆண்டு, அதே மதிப்புள்ள நல்ல காசு ஒன்றை அருகில் வைத்து ஒப்பிடுங்கள்.

எல்லாவற்றையும் தள்ளிய பிறகு வருவது ஆலைப் பிழை. மலேசியாவின் நாணயச்சாலை 1971-இல் ஷா ஆலத்தில் தொடங்கியது, நம் சிலாங்கூரிலேயே. உலோகத் தகட்டிலிருந்து வட்டம் வட்டமாக வெட்டி, சூடேற்றி இளக்கி, விளிம்பைத் தூக்கி, வளையத்துக்குள் வைத்து இரண்டு அச்சுக்கு நடுவில் ஒரே அடியில் முத்திரை ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் அதற்கே உரிய பிழை உண்டு. வெட்டும்போது முந்தைய துளைமேல் கத்தி விழுந்தால் பிறை வடிவில் ஓரம் போன காசு. வளையம் சரியாக ஏறாவிட்டால் பரந்து விரிந்த காசு. வட்டம் நகர்ந்து நின்றால் படம் ஒரு பக்கம் ஒதுங்கிய காசு. முந்தைய காசு அச்சில் ஒட்டிக்கொண்டால் ஒரு பக்கம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் குழிந்த பிம்பம். அச்சு விரிசல் விட்டால் காசில் மேடான கோடு விழும். கோடு பள்ளமாக இருந்தால் அது வெளியில் யாரோ கீறியது. பிறை வெட்டுக்கு நேர் எதிர்ப்பக்க விளிம்பும் சற்று மங்கியிருக்கும். அரம் போட்டுச் செய்த போலி வெட்டில் அந்த மங்கல் இராது.

பிழையே இல்லாத ஒன்று பிழையாக விற்கப்படுவதையும் சொல்லிவிடுகிறேன். பழைய 50 காசின் விளிம்பில் பேங்க் நெகாரா மலேசியா என்று எழுத்து ஓடும். சில காசுகளில் முகப்பை மேலே வைத்தால் எழுத்து நேராகவும், சிலவற்றில் தலைகீழாகவும் தெரியும். விளிம்பெழுத்து தனிக் கட்டத்தில் ஏறுவதால் இப்படி இரண்டு விதமும் இயல்பே. எழுத்தே விழாமல் தப்பிய காசுதான் பிழை.

கள்ளக்காசு பயம் முழுக்கக் கற்பனை என்றும் சொல்ல மாட்டேன். கெரிஸ் கத்தி பொறித்த ஒரு வெள்ளி (ரிங்கிட்) நாணயம் அந்தத் தொல்லையால்தான் மறைந்தது. 2005 டிசம்பர் 7 முதல் அது செல்லாது. நல்ல காசு 24.5 மில்லிமீட்டர், சுமார் 9.3 கிராம், செம்பு மிகுந்த மஞ்சள் உலோகம். பழைய 50 காசின் எடையேதான், ஆனால் அதைவிடச் சிறிது, தடித்தது. பெட்டியில் கிடக்கும் ஒரு வெள்ளி எடை குறைவாகவும் எழுத்து மழுங்கியும் இருந்தால் அது போலியாக இருக்க வாய்ப்பு உண்டு. இன்று புழங்கும் காசில் சந்தேகம் வந்தால் அடுத்தவர் தலையில் கட்டாதீர்கள். போலீஸிலோ வங்கியிலோ ஒப்படையுங்கள். மூன்றாம் வரிசை 50 காசைச் சாய்த்துப் பார்த்தால் 50 என்ற எண்ணும் சென் என்ற சொல்லும் மாறி மாறித் தோன்றும். அதுவே எளிய சோதனை.

பணம் போவது காசால் அல்ல, காசைப் பற்றிய பேச்சால். தமிழ்நாட்டில் "ரைஸ் புல்லிங்", "இரிடியம்" என்ற பெயரில் பழைய காசும் செம்புப் பாத்திரமும் அரிசியை இழுக்கும், கோடிக்கணக்கில் விலை என்று சொல்லிப் பலரை மொட்டையடித்த வழக்குகள் ஏராளம். அந்தப் பேச்சு கைப்பேசி வழியே கடல் தாண்டியும் வரும். எந்த நாணயமும் அரிசியை இழுக்காது. அரிசியில் இரும்புத்தூள் தடவியிருந்தால் காந்தம் இழுக்கும், அவ்வளவுதான். காசை விற்றுத் தருகிறேன், முதலில் பதிவுக் கட்டணம் கட்டு என்று கேட்பவர் யாராக இருந்தாலும் பேச்சை அங்கேயே முறித்துவிடுங்கள்.

தோட்டங்கள் கைமாறி, லயங்கள் இடிந்து வருகின்றன. பெஸ்தாரி ஜெயா பக்கம் மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி தோட்டத்து மக்கள் ஒரு வீட்டுக்காக எத்தனை வருடம் போராடினார்கள் என்பது நாடறிந்தது. வீடு மாறும்போது முதலில் குப்பைக்குப் போவது தகரப் பெட்டிதான். அதற்குள் இருக்கும் காசு பழைய இரும்புக்காரரிடமோ தட்டார் குகையிலோ முடிகிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு பெட்டி இருந்தால், புளி போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்தால் பளபளப்பு வரும், சாட்சியம் போய்விடும். எடையையும் விட்டத்தையும் ஆண்டையும் ஒரு தாளில் எழுதுங்கள். அதன்கீழ், எந்தத் தோட்டம், யாருடைய முடிச்சு, கோயிலுக்கா கல்யாணத்துக்கா என்பதையும் எழுதுங்கள். பாட்டி உயிரோடு இருந்தால் இந்த வாரமே கேளுங்கள்.